கம்சனாவின் மறுபரீட்சை

கம்சனாவைப் பற்றி எழுதுவதென்றால் அவளுடைய வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். அப்படி ஒரு வாய். ஜெர்மனியின் ஹம் நகரத்துத் தமிழ்ச் சனம் கூடுகிற எந்த மண்டபத்திலும் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும், அவள் எந்த மூலையில் நிற்கிறாள் என்று சொல்லிவிடலாம். நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துக்கு அவள் அம்புலன்ஸில் வந்து இறங்கினால், படுத்த படுக்கையாய்க் கிடக்கிற கிழவர்கூடத் தலையைத் தூக்கிப் பார்ப்பார். அப்படிப்பட்டவளுக்கு ஒரு வசனம் வாயில் வராமல் போனது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நான் நம்புகிறேன். அந்த வசனம் எங்கள் வீடுகளில் ஒருவருக்கும் வருவதில்லை.

அவளுடைய வேலைக்கு ஜெர்மன் மொழியில் நீளமான ஒரு பெயர் உண்டு. எங்கள் சனம் அதைச் சுருக்கி 'அம்புலன்ஸ் ஓடுற பிள்ளை' என்று வைத்திருக்கிறது. மூன்று வருடம் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்படிப்புப் படித்து, அரசாங்கப் பரீட்சை எழுதி, நின்றுபோன இதயத்துக்கு மருந்து ஏற்றுகிறவளைச் சாரதி என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்தானே. எனக்கே வரும். அவளுடைய அப்பா அவளை மருந்துக்கடைப் படிப்புக்கு அனுப்ப ஆசைப்பட்டவர். வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு நிழலில் நிற்கிற வேலையை விட்டுவிட்டு, குடிகாரன் வாந்தி எடுத்த சட்டையைக் கத்திரிக்கோலால் வெட்டுகிற வேலைக்கு இவள் போனாள். அதை அவர் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

அம்புலன்ஸில் இருவர் போவார்கள். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் பொறுப்பு. எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்று டொக்டர் வந்து சேரும்வரை முடிவெடுப்பவர் அந்தப் பொறுப்பாளர்தான். கம்சனா பத்து வருடமாக அந்த இடத்தில் இருந்தாள். ஆனால் அது ஒருமுறை கொடுத்தால் சாகும்வரை நிற்கிற இடம் இல்லை. ஒவ்வொரு வருடமும் முப்பது மணித்தியாலம் ஃபோர்ட்பில்டுங் என்று படிக்கப் போக வேண்டும். அதன் முடிவில் மேசை மேசையாகப் பரீட்சை. ஒரு மேசையில் மூச்சுக்குழாய், ஒரு மேசையில் எலும்புக்குள் ஊசி, ஒரு மேசையில் குழந்தைப் பொம்மை. தேறினால்தான் தானாக மருந்து கொடுக்கிற அனுமதி அடுத்த வருடத்துக்கு நீளும். தேறாவிட்டால் ஒரு மறுபரீட்சை. அதிலும் விழுந்தால் ஓட்டுகிற இருக்கைக்குப் போக வேண்டியதுதான். பக்கத்தில் பொறுப்பாக இருப்பது நேற்று அவளிடம் வேலை பழகிய பிள்ளையாகவும் இருக்கலாம்.

இந்தப் பரீட்சைகளில் ஒரு முறை உண்டு. செய்வதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 'சுவாசம் பார்க்கிறேன், இல்லை. நெஞ்சை அமுக்கத் தொடங்குகிறேன். ஊசியில் அட்ரினலின், ஒரு மில்லிகிராம்.' சொன்னால், கூட நிற்பவர் அதைத் திருப்பிச் சொல்லுவார். சொல்லாமல் செய்தால் செய்ததாகக் கணக்கில்லை. எங்கள் கம்சனாவுக்கு இதெல்லாம் அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஒவ்வொரு வருடமும் முதலாவதாக வெளியே வந்து, மற்றவர்களைக் கோப்பியோடு வரவேற்பாள்.

போன வருடம் ஒரு மேசை புதிதாக வந்தது. அங்கே பொம்மை இல்லை. ஒரு கதிரையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு நடிகை இருந்தாள். அவளுடைய கணவர் பக்கத்து அறையில் இறந்துவிட்டார் என்பது கதை. வேலை ஒன்றுதான். அந்த மனுசியிடம் அதைச் சொல்ல வேண்டும்.

கம்சனா கதிரைக்கு முன்னால் முழந்தாளிட்டாள். அந்த மனுசியின் கையைப் பிடித்தாள். கணவரின் இதயம் நின்றிருந்தது என்றாள், தங்களால் முடிந்ததெல்லாம் செய்ததாகச் சொன்னாள், மருந்தின் பெயர்களைக்கூடச் சொன்னாள். தண்ணீர் வேண்டுமா, யாருக்கும் தொலைபேசி எடுக்க வேண்டுமா என்று கேட்டாள். நடிகை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவரை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறீர்கள்?" என்று கேட்டாள்.

பரீட்சை வைத்தவர் வீஸ்னர் என்கிற பெண் டொக்டர். கத்தவில்லை. "நீங்கள் அன்பாகப் பேசினீர்கள், ஆனால் இறந்துவிட்டார் என்று சொல்லவில்லை. முதல் வசனத்திலேயே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்த மனுசி இன்னும் உயிரோடு இருக்கிற ஒருவரைத்தான் மனத்தில் வைத்துக்கொண்டு இருப்பாள்" என்றார். பிறகு தாளில் கோடு இழுத்தார். மறுபரீட்சைக்கு ஒரு திகதி கொடுத்தார்கள்.

அன்று மாலை என்னுடைய வீட்டுக்கு வந்து கத்தினாள் பாருங்கள், சுவர் அதிர்ந்தது.

"மனுசர் சாகிறதைத் தடுக்கிற வேலை என்ர வேலை, மைதிலி அக்கா. செத்தாச் சொல்லுறதுக்கும் மார்க்ஸ் போடுவினமோ?"

நான் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, "நீ ஏன் அதைச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த வாயிலிருந்து சத்தம் வராமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். பிறகு தன்னுடைய அப்பா செத்த கதையைச் சொன்னாள்.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அம்மா பாரிசில் உறவுக்காரப் பிள்ளை ஒன்றின் சாமத்தியவீட்டுக்குப் போயிருந்தார். அப்பா இங்கே ஆஸ்பத்திரியில் திடீரென்று போய்விட்டார். சித்தப்பா தொலைபேசி எடுத்து, "அண்ணைக்குச் சுகர் கூடிப்போச்சு, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ" என்று சொன்னார். அம்மா ரயில் ஏறினார். வருகிற வழியில் அப்பாவுக்குக் கழுத்து மூடின ஒரு கம்பளிச் சட்டை வாங்கினார், ஆஸ்பத்திரி குளிரும் என்று. ஹம் ஸ்டேஷனில் கம்சனாதான் போய்க் கூட்டி வந்தாள். சட்டையை அம்மா பையிலிருந்து எடுத்துக் காட்டினார், நிறம் நல்லாயிருக்கிறதா என்று. நல்லாயிருக்கு என்று சொன்னாள். வீட்டுக் கட்டடத்தின் படியில் ஏறும்போதுதான், கதவுக்கு வெளியே குவிந்து கிடந்த சப்பாத்துகளை அம்மா கண்டார். வேறு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

எங்கள் சனத்தின் வழக்கம் அதுதான். சாவை நேரே சொல்வது பண்பில்லாத வேலை. 'கொஞ்சம் கடுமை' என்போம், 'ஐ.சி.யு.வில் வைச்சிருக்கினம்' என்போம். முதலில் ஊரெல்லாம் அறியும், கடைசியாக உரியவர் அறிவார். பெண்சாதி என்றால் கேட்கவே வேண்டாம், அவளுக்குப் பிரஷர் இருக்கும், தாங்கமாட்டாள். இதை அன்பு என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். எனக்கு இதில் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை. சொல்லப் பயந்தவர்கள் கேட்பவளை நோயாளி ஆக்கிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

கம்சனா மறுபரீட்சைக்கு என்னை வைத்துப் பழகினாள். நான் சோபாவில் விதவையாக இருந்தேன். அவள் கதவைத் திறந்துகொண்டு வந்து ஜெர்மன் மொழியில் சொல்வாள். ஆரம்பத்தில் சிரித்துவிட்டோம். பிறகு சரளமாக வந்தது. "தமிழில ஒருக்காச் சொல்லிப் பார்" என்று நான் ஒருநாள் கேட்டேன். "அது சோதினையில வராது, அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இனி நேசமலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேசமலர் அக்கா எங்கள் முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை செய்கிறவர். வாய் திறப்பது குறைவு, அதுவும் தமிழில்தான். அவருடைய கணவர் குணரட்ணம், இருதய நோய்க்காரர். ஒரே மகள் சுபானி டிரெஸ்டனில் ஆராய்ச்சி படிக்கிறாள். குணரட்ணத்தின் தமையன் ஆனந்தராசா அண்ணை இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அந்தக் குடும்பத்துக் காரியமெல்லாம் அவர் கையில்தான். டொக்டரிடம் டெர்மின் எடுப்பதும், அன்ட்ராக் படிவம் நிரப்புவதும், நேசமலருக்கு எது தெரிய வேண்டும், எது தெரியக்கூடாது என்று தீர்மானிப்பதும் அவரே.

மறுபரீட்சைக்கு முந்திய சனிக்கிழமை மத்தியானம் குணரட்ணம் குளியலறையில் விழுந்தார். நேசமலர் ஆனந்தராசா அண்ணையைக் கூப்பிட்டார், அவர் வந்து பார்த்துவிட்டு அம்புலன்ஸைக் கூப்பிட்டார். வந்தது கம்சனாவும், வண்டி ஓட்டுகிற யானிக் என்கிற பையனும். பின்னால் தனி வண்டியில் டொக்டர். ஆளைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டு நெஞ்சை அமுக்கினார்கள், மின்சாரம் கொடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். கம்சனா எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தாள். ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்த இதயம் திரும்பவில்லை. டொக்டர் நேரத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தச் சொன்னார். ஆளைத் தூக்கிப் படுக்கையறைக் கட்டிலில் கிடத்தினார்கள்.

நேசமலர் அந்த நேரமெல்லாம் சமையலறையில் இருந்தார். ஆனந்தராசா அண்ணை அவரைக் கூடத்துக்கு வர விடவில்லை. கம்சனா கையுறையைக் கழற்றிக்கொண்டு வர, நடையில் வைத்து அவளைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, இப்ப அவவுக்கு ஒண்டும் சொல்லாதைங்கோ. பிரஷர்க்காரி. மகள் டிரெஸ்டனில இருந்து வரட்டும், வந்தாப் பிறகு நாங்கள் ஆறுதலாச் சொல்லுவம்."

"அங்கிள், டொக்டர் சொல்லத்தான் வேணும். அது எங்கட கடமை."

"அவர் டொச்சு மொழியில சொல்லட்டும். அவவுக்கு எங்க விளங்கப் போகுது. நீங்கள் எங்கட பிள்ளை, உங்களுக்குத் தெரியும்தானே."

எங்கட பிள்ளை. அந்த இரண்டு சொல்லுக்கு இருக்கிற பலத்தை வீஸ்னர் டொக்டர் எந்த மேசையில் வைத்துப் பரீட்சிப்பார்? கம்சனா பதில் சொல்வதற்குள் டொக்டர் சமையலறைக்குள் போய்விட்டார். அவளும் பின்னால் போனாள்.

டொக்டர் நல்ல மனிதர். நேசமலருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, அவருடைய கண்ணைப் பார்த்து, உங்கள் கணவர் இறந்துவிட்டார் என்று ஜெர்மன் மொழியில் ஒரே வசனத்தில் சொன்னார். நேசமலர் அவரைப் பார்த்தார். பிறகு திரும்பிக் கம்சனாவைப் பார்த்தார்.

"பிள்ளை, என்னவாம்?"

கதவு நிலையில் ஆனந்தராசா அண்ணை நின்றார். கம்சனா என்னிடம் பிறகு சொன்னாள், அந்த நேரம் தான் சீருடை போட்டிருப்பதே மறந்துபோய்விட்டது என்று. பெரியவர்கள் நிற்கிற இடத்தில் நிற்கிற சின்னப் பிள்ளையாகத்தான் தன்னை உணர்ந்தாளாம்.

"அங்கிளுக்குக் கொஞ்சம் கடுமையா இருக்கு, அன்ரி. டொக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் இஞ்சயே இருங்கோ."

நேசமலர் தலையை ஆட்டினார். டொக்டர் கம்சனாவிடம், அவருக்கு விளங்கியதா என்று கேட்டார். விளங்கியது என்று கம்சனா சொன்னாள். டொக்டருக்கு எழுதுகிற வேலை இருந்தது, எழுதினார். அதற்குள் கம்சனாவின் இடுப்பில் இருந்த கருவி அடுத்த அழைப்புக்கு அலறியது. யானிக் ஏற்கனவே படியில் இறங்கிக்கொண்டிருந்தான். கம்சனா போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் டொக்டரும் போனார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை எழுதவே எனக்குக் கை கூசுகிறது. படுக்கையறைக் கதவை ஆனந்தராசா அண்ணை சாத்தி வைத்தார். உள்ளே ஆஸ்பத்திரிக்காரர் இருக்கிறார்கள், போகக்கூடாது என்று சொன்னார். ஒருவரும் உள்ளே இல்லை, பிணம் மட்டும்தான். நேசமலர் சமையலறையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற பையை அடுக்கினார். மாற்றுச் சாரம், பல்தூரிகை, காப்புறுதி அட்டை. நோயாளிக்கு என்று கஞ்சி வைத்தார். பிறகு கணவருடைய சட்டை ஒன்றை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கத் தொடங்கினார்.

ஆனந்தராசா அண்ணை பல்கனியில் நின்று ரொறன்ரோவுக்கு அழைப்பு எடுத்தார். அங்கே இருக்கிற மருமகன் ஒருவர் துடியாட்டமான ஆள். இறந்தவருக்கு உடனே செய்கிற மரியாதை என்று நினைத்து, பூக்கரை போட்ட ஒரு படம் செய்தார். மேலே 'கண்ணீர் அஞ்சலி', நடுவில் குணரட்ணத்தின் முகம். அதைத் தொலைபேசியில் இருக்கிற குடும்பக் குழுவில் போட்டார். அது அங்கிருந்து ஊர்க் குழுவுக்கு வந்தது, கோயில் குழுவுக்கு வந்தது, எனக்கும் வந்தது. கைகூப்புகிற படங்கள் அதன் கீழே வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. நேசமலரின் தொலைபேசி மினுக்குகிற மேசையின் ஓரத்தில்தான் கிடந்தது. அவரும் அந்தக் குடும்பக் குழுவில் ஒருவர் என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

நேசமலர் தொலைபேசியை எடுத்துப் பார்த்தார். மகளின் பட்டமளிப்பு நாளில் அவர் தன் கையால் எடுத்த படம் அது. பக்கத்தில் நின்ற மகளை வெட்டிவிட்டு குணரட்ணத்தை மட்டும் வைத்திருந்தார்கள். மகள் சுபானியும் லைப்சிக்கைத் தாண்டி வருகிற ரயிலில் அதே படத்தைத்தான் பார்த்தாள். அவளுக்கும் 'அப்பாவுக்குக் கொஞ்சம் கடுமை' என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

நேசமலர் கத்தவில்லையாம். இஸ்திரிப்பெட்டியை நிறுத்திவிட்டு எழும்பிப் போய், மைத்துனரைக் கையால் விலக்கிவிட்டுப் படுக்கையறைக் கதவைத் திறந்தார். இதை எனக்குச் சொன்னது ஆனந்தராசா அண்ணையேதான், செத்தவீட்டன்று. "அப்பவும் பார், ஒரு குறையும் இல்லாமல் தாங்கிட்டா" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது.

கம்சனாவின் மறுபரீட்சை செத்தவீட்டுக்கு இரண்டு நாள் கழித்து வந்தது. போகமாட்டேன் என்று நின்றாள். நான்தான் போகச் சொன்னேன். அந்த இருக்கையில் இவள் இல்லாவிட்டால், அடுத்த தமிழ் வீட்டுக்கு மொழியே தெரியாத ஒருவர்தான் போவார் என்று சொன்னேன். சொல்லும்போதே, அது எந்தளவுக்குச் சரி என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. போனாள். அதே நடிகை, அதே கதிரை. கம்சனா இருந்து, கண்ணைப் பார்த்து, முதல் வசனத்திலேயே உங்கள் கணவர் இறந்துவிட்டார் என்றாள். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். நடிகை உண்மையாகவே அழுதாளாம். வீஸ்னர் டொக்டர் எழும்பி வந்து கை குலுக்கினார். மற்றவர்களுக்குக் காட்டுவதற்கு இதைப் படம் பிடித்திருக்கலாம் என்றும் சொன்னார். அனுமதி இன்னொரு வருடத்துக்கு நீண்டது.

அவளுக்கு அதில் சந்தோஷம் இருக்கவில்லை. ஆனால் ஒன்றை நம்பிக்கொண்டிருந்தாள். நேசமலருக்கு டொக்டர் சொன்னது விளங்கவில்லை, தான் சொன்னதும் பொய் என்று தெரியாது, மைத்துனர்தான் மறைத்தார் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று. அந்த நம்பிக்கையில்தான் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்க வந்தாளா, மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ள வந்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

நேசமலர் எங்களுக்குத் தேத்தண்ணி தந்தார். கம்சனாவுக்கு எதிரே இருந்தார். மைத்துனர் அன்று அங்கே இல்லை.

"சோதினை பாஸ் பண்ணிட்டீராம், மைதிலி சொன்னவா. நல்லது."

"ஓம், அன்ரி."

"என்ன சோதினை அது?"

கம்சனா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். பிறகு சொன்னாள்.

"ஒராள் செத்தா வீட்டுக்காரருக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு, அன்ரி. ஒரு வெள்ளைக்காரி பெண்சாதி மாதிரி நடிப்பா, அவவுக்குச் சொல்ல வேணும்."

நேசமலர் கோப்பையை மேசையில் வைத்தார். அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் எங்களுக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"நான் பதினெட்டு வருசமா அந்த இல்லத்தில உடுப்புத் துவைக்கிறன், பிள்ளை. ஒராள் செத்தா அவையின்ர உடுப்பைப் புறம்பா வைக்கச் சொல்லி வந்து சொல்லுவினம். டோட் எண்ட சொல்லு எனக்குத் தெரியாதோ? டொக்டர் சொன்னது எனக்கு வடிவா விளங்கினது. விளங்கினாப் பிறகுதான் உம்மைத் திரும்பிப் பார்த்தனான். நீர் கடுமை எண்டு சொன்னீர். அம்புலன்ஸ் உடுப்பும் போட்டுக்கொண்டு நிக்கிற தமிழ்ப் பிள்ளை பொய் சொல்லாது எண்டு, நான் என்ர காதை நம்பாமல் விட்டிட்டன்."

கம்சனா தன்னுடைய கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அந்த வெள்ளைக்காரிக்குச் சொன்னதை எனக்கும் ஒருக்காச் சொல்லும்."

"அன்ரி, வேண்டாம்."

"சொல்லும்."

கம்சனா கதிரையின் நுனிக்கு வந்தாள். நேசமலரின் கண்ணைப் பார்த்தாள். அவளுடைய குரல் எனக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

"அன்ரி, அங்கிள் செத்துப் போனார்."

நேசமலர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டினார், சரி என்று சொல்வது போல.

"இவ்வளவுதான். இதை அண்டைக்குச் சொல்லியிருந்தா நான் போய் அவற்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்திருப்பன். சூடா இருந்திருக்கும். நான் போகேக்கை குளிர்ந்து போச்சு."

கம்சனா அவருடைய கையைத் தொடப் போனாள். நேசமலர் தன் கையை மடியிலிருந்து எடுத்துக் கொடுக்கவில்லை.